பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள்: இங்கிலாந்துப் பீங்கான் பொம்மைகள் – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் வாழும் வாசகர்களுடையவை. கார் பூட் சேலிலும் (கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் திறந்தவெளிச் சந்தை) சேரிட்டி ஷாப்பிலும் (தொண்டு நிறுவனத்தின் பழம்பொருள் கடை) கண்ணில் பட்டு, ஆசைப்பட்டு வாங்கிய பொம்மைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சின்ன வேண்டுகோள்: முகத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள். அடிப்பாகம், முதுகு, துளை, உடைந்த இடம் ஆகியவற்றையும் எடுத்து அனுப்புங்கள். பொம்மையின் வயது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: கார் பூட் சேலில் வெள்ளையும் பொன்னிறமுமான ஸ்பேனியல் நாய் ஜோடி ஒன்றை 20 பவுண்டுக்கு வாங்கினேன். கழுத்தில் பூட்டும் சங்கிலியும் தீட்டியிருக்கிறார்கள். "150 வருஷத்துப் பொருள்" என்றார் விற்றவர். அடியில் எந்த முத்திரையும் இல்லை. ஏமாந்துவிட்டேனா? – வாசகர், குரோய்டன்

பதில்: முத்திரை இல்லாதது நல்ல அறிகுறி. இங்கிலாந்தில் மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்போன மாவட்டம் ஸ்டாஃபர்ட்ஷயர். விக்டோரியா ராணி காலத்தில் அங்கே செய்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. அந்த மாவட்டத்தின் பர்ஸ்லெம், ஹான்லி, லாங்டன் முதலான ஊர்களில் சிறு சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. குடிசை வீட்டுக் கணப்பு மாடத்தின் இரு முனைகளிலும் வைக்க மலிவாகச் செய்து விற்ற பொருள் இது. பெயர் பொறிக்க யாரும் மெனக்கெடவில்லை. அடியில் "ஸ்டாஃபர்ட்ஷயர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். "இங்கிலாந்து" என்று மட்டும் இருந்தால் 1891க்குப் பிந்தையது என்று கொள்ளலாம். இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்த வருடம் அது. "மேட் இன் இங்கிலாந்து" என்றிருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டு.

இனி நாயைக் கவிழ்த்துப் பாருங்கள். 1840களிலிருந்து இந்த நாய்களை அச்சில் அழுத்திச் செய்தார்கள். களிமண்ணைத் தகடாகத் தட்டி, பிளாஸ்டர் அச்சின் முன்பாதியிலும் பின்பாதியிலும் விரலால் அழுத்தி, இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். உள்ளே அடைபட்ட காற்று சூளைச் சூட்டில் விரிந்து பொம்மையைப் பிளந்துவிடாமல் இருக்க ஒரு சிறு துளை போடுவார்கள். குண்டூசித் தலையிலிருந்து பட்டாணி அளவுக்குள் இருக்கும் அந்தத் துளை. பிற்காலத்தில் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி, மீந்த கூழை வடித்துவிடும் முறை பரவியது. ஊற்றவும் வடிக்கவும் பெரிய துளை வேண்டும். அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வட்ட ஓட்டை தெரிந்தால் அது இந்த முறையில் செய்தது. இன்று சீனாவிலிருந்து வரும் நகல்கள் எல்லாமே இந்த ரகம்தான். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்: அழுத்திச் செய்ததில் கனம் கூடுதல், அதுவும் ஒரே சீராக இருக்காது, ஊற்றிச் செய்தது சுவர் மெலிந்து, எங்கும் ஒரே தடிமனாக, லேசாக இருக்கும்.

அடுத்து பொன் பூச்சு. பழைய பொன் மங்கலாக, தேன் நிறத்தில், கை பட்ட இடங்களில் தேய்ந்திருக்கும். 1880களில் திரவப் பொன் புழக்கத்துக்கு வந்தது. அதைப் பூசிச் சுட்டால் போதும், தேய்த்து மெருகேற்ற வேண்டியதில்லை. பார்வைக்குக் கண்ணாடிபோல் பளிச்சென்று, சற்றுப் பித்தளைத்தனமாக இருக்கும். உங்கள் படத்தில் சங்கிலியின் பொன் பளீரென்று மின்னுகிறது. துளை பட்டாணி அளவுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளிலோ அதற்குச் சற்றுப் பின்னோ செய்த ஜோடி என்று சொல்லலாம். விற்றவர் சில பத்து வருஷம் கூட்டிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பர்ஸ்லெமில் வில்லியம் கென்ட் என்ற நிறுவனம் விக்டோரியா காலத்து வடிவங்களையே 1962 வரை செய்துகொண்டிருந்தது. ஒரே உருவம், ஒரே நிற்கும் நிலை, நடுவில் அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளி. அதனால் "படத்தில் பார்த்த பழைய நாய் மாதிரியே இருக்கிறது" என்பது வயதுக்கு ஆதாரமே அல்ல. மண், துளை, பொன், தூரிகை வேலை ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். தூரிகை வேலை என்றதும் முகத்தைப் பாருங்கள். பழைய வேலையில் மீசைப் புள்ளிகளும் புருவக் கோடும் விரைவான, தயக்கமில்லாத வீச்சில் இருக்கும். நகலில் அதே கோடுகள் தடித்து, பார்த்துப் பார்த்து வரைந்ததுபோல் நிற்கும்.

கிளேஸில் (பொம்மையின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு) விழும் நுண்வெடிப்பை வைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். இயல்பாக வந்த வெடிப்பு நெருக்கமாக, ஒழுங்கில்லாமல், சில இடங்களில் மட்டும் இருக்கும். அழுக்கு ஏறியதும் சில கோடுகளில் மட்டுமே. நகலில் வெடிப்பு பெரிய பெரிய கட்டங்களாக உடல் முழுக்க ஒரே சீராகப் படர்ந்து, ஒவ்வொரு கோட்டிலும் தேயிலைச் சாறு நிறம் ஏற்றியிருக்கும்.

விலை: வெள்ளையும் பொன்னும் சேர்ந்த ஜோடிதான் எங்கும் கிடைப்பது. ஊர்ப்புற ஏலத்தில் சாதாரணமாக 40 முதல் 100 பவுண்டுக்குள் போகும். செம்பழுப்புத் திட்டு, கறுப்புத் திட்டு உள்ளவை அதைவிடக் கூடுதல். முன்னங்கால் உடலோடு ஒட்டாமல் தனியாக வார்த்துப் பொருத்தியிருந்தால், நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், இன்னும் கூடுதல். அதற்குத் தனி அச்சும் தனி உழைப்பும் தேவைப்பட்டது. வாயில் பூக்கூடை கவ்விய நாய்களுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கிறது. உங்களுடையதில் கால் ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் 20 பவுண்டுக்கு நல்ல கொள்முதல்.

கேள்வி: என்னிடம் உள்ள இரண்டு நாய்களில் ஒன்று அரை அங்குலம் உயரம் கூடுதல். ஜோடி என்று சொல்லி விற்கலாமா? – வாசகி, லெஸ்டர்

பதில்: அரை அங்குலம் அதிகம். உண்மையான ஜோடி ஒன்றையொன்று பார்த்தபடி, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இருக்கும். ஒரே கையால் தீட்டியிருப்பார்கள். கையால் செய்தது என்பதால் சில மில்லிமீட்டர் வேறுபாடு சகஜம். அதற்கு மேல் போனால், கண் வரைந்த விதமும் சங்கிலி விழும் இடமும் ஒத்துப்போகாவிட்டால், பின்னாளில் யாரோ சேர்த்து வைத்த ஜோடி. "சேர்த்து வைத்தது" என்று சொல்லியே விற்றுவிடுங்கள். ஒற்றை நாய்க்கு ஜோடி விலையில் பாதிகூடக் கிடைக்காது, அதனால் சேர்த்து விற்பதே உங்களுக்கும் லாபம்.

கேள்வி: தேங்காய்ப்பூ நிறத்தில் ஐந்து பன்றி உண்டியல்கள், ஒரு குடும்பம் போல. சேரிட்டி ஷாப்பில் மூன்றும், பிறகு இணையத்தில் இரண்டும் வாங்கினேன். அப்பா பன்றிக்கு அடியில் மூடி இல்லை. இவை ஏதோ வங்கி கொடுத்தவை என்கிறார்கள். விவரம் வேண்டும். – வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: நேஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி 1983இல் குழந்தைகளுக்கான சேமிப்புக் கணக்குக்காக வெளியிட்டவை இவை. கணக்குத் தொடங்கியதும் இடுப்புத்துணி கட்டிய குழந்தைப் பன்றி வுடி வரும். 25 பவுண்டு சேர்ந்தால் பள்ளிக்கூடத்துப் பெண் ஆனபெல், 50க்கு அண்ணன் மாக்ஸ்வெல், 75க்கு அம்மா லேடி ஹிலாரி, 100க்கு அப்பா சர் நத்தானியேல். பிள்ளைகள் வங்கிக் கணக்கை வளர்க்க எவ்வளவு ஆசையோடு காத்திருந்திருப்பார்கள் என்பதை அந்த வரிசையே சொல்லும்.

வரிசையில் மேலே போகப் போக எண்ணிக்கை குறையும். எல்லாப் பிள்ளைகளும் 100 பவுண்டை எட்டவில்லை. ஆகவே வுடி எங்கும் கிடைப்பான், அப்பா பன்றி அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. பர்ஸ்லெமின் வேட் நிறுவனம் செய்த பன்றிகளின் அடியில் "வேட் இங்கிலாந்து" என்று இருக்கும். தொடக்கத்தில் சன்ஷைன் செராமிக்ஸ் செய்து கொடுத்தவற்றில் அந்த முத்திரை இருக்காது. ஆகவே முத்திரை இல்லாத வுடியை உடனே போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மூடி முக்கியம். அசல் மூடியில் வங்கியின் மூன்று அம்பு முனைச் சின்னம் புடைப்பாக இருக்கும். காசை எடுக்க மூடியைக் கத்தியால் நெம்பி, துளையின் விளிம்பைச் சில்லு பெயர்த்த பன்றிகள் ஏராளம். மூடியைக் கழற்றி அந்த விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். காது நுனி, நாணயம் போடும் வாய், கால் நுனி ஆகிய மூன்றும் அடுத்து அடிபடும் இடங்கள். மூடி தனியாகவும் விற்பனைக்கு வருகிறது, சின்னம் உள்ளதைத் தேடி வாங்கிப் பொருத்துங்கள். நல்ல நிலையிலுள்ள ஐவர் குடும்பம் இன்று சில பத்து பவுண்டுகள்தான். ஆறாவது ஒரு பன்றி உண்டு: 1998இல் மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்த கசின் வெஸ்லி. அது கிடைத்தால் மற்ற ஐந்தும் சேர்ந்த விலையைவிடப் பல மடங்கு பெறும். வெஸ்லியை மட்டும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எடுத்து, அடியைப் பார்த்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காப்பீட்டுக்காக ஒரு நிபுணர் என் பொம்மைக்கு 400 பவுண்டு மதிப்புப் போட்டுக் கொடுத்தார். ஏலக் கடைக்காரர் 80 என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, ஹாரோ

பதில்: இருவர் சொல்வதும் சரியே, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். காப்பீட்டு மதிப்பு என்பது, பொருள் நாளைக்கே உடைந்தால் அதேபோன்ற ஒன்றை கடையில் உடனே வாங்க ஆகும் உச்ச விலை. ஏல விலை என்பது இன்று ஒரு வியாபாரி கை தூக்கத் தயாராக இருக்கும் விலை.

80 பவுண்டுக்கு ஏலம் முடிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாங்குபவர் அதன்மேல் 25 சதவீதக் கமிஷனும் அந்தக் கமிஷனுக்கு 20 சதவீத வரியும் கட்டுவார்: 20 + 4. அவருக்கு 104 பவுண்டு ஆகிறது. விற்கும் உங்களிடம் 15 சதவீதம் பிடித்தால் 12, அதற்கு வரி 2.40. உங்கள் கைக்கு வருவது 65.60. படம் எடுக்க, பட்டியலில் சேர்க்க என்று தனிக் கட்டணம் இருந்தால் அதுவும் கழியும். சதவீதம் கடைக்குக் கடை மாறும், கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் விலை பார்ப்பவர்கள் செய்யும் தவறு, கேட்கும் விலையைப் பார்ப்பது. 300 பவுண்டு என்று மூன்று வருஷமாக விற்காமல் கிடக்கும் பொம்மைக்கு அது விலையே அல்ல. "விற்றவை" என்று வடிகட்டிப் பார்த்து, கடைசி ஆறேழு விற்பனைகளின் நடுத்தரத்தை எடுங்கள். உச்சத்தையும் அடிமட்டத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: குன்னூரில் பழைய பங்களாச் சாமான்களோடு வந்த பொம்மை இது. ஒரு புலி, சிப்பாய் உடுப்பு அணிந்த ஆளின் தலையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. மேசை போன்ற பீடத்தில் ஆங்கில எழுத்து. லண்டனில் விற்றால் நல்ல விலை போகுமா? – வாசகர், குன்னூர்

பதில்: "மன்றோவின் மரணம்" என்ற பெயரில் 1820, 30களில் ஸ்டாஃபர்ட்ஷயரில் செய்த பொம்மையின் உருவம் இது. அசலாக இருந்தால், இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே மிக மதிப்புள்ள பொருள் உங்களுடையதாக இருக்கும்.

கதை நம் மண்ணோடு தொடர்புள்ளது. 1792 டிசம்பரில் வங்காளத்தின் சாகர் தீவில் வேட்டைக்குப் போன இளம் அதிகாரி ஒருவரைப் புலி தூக்கிச் சென்றது. அவர் ஜெனரல் சர் ஹெக்டர் மன்றோவின் மகன். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கியபோது, உதவிக்குப் போகாமல் காஞ்சியிலிருந்து சென்னைக்குப் பின்வாங்கிய தளபதிதான் இந்த ஹெக்டர் மன்றோ. மகனின் மரணச் செய்தி இங்கிலாந்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799இல் கைப்பற்றி லண்டனுக்குக் கொண்டுபோன, வெள்ளைக்காரர் ஒருவரைப் புலி கடிப்பதுபோல் அமைந்த திப்புவின் மரப்புலி இயந்திரத்தை மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அதற்கும் மன்றோவின் மரணத்துக்கும் தொடர்பு உண்டு என்று இன்றும் பலர் கருதுகிறார்கள். பர்ஸ்லெம் குயவர்கள் இப்படிப் பரபரப்பான செய்தி எதையும் விடமாட்டார்கள். காளையை நாய்கள் குதறும் காட்சி, ஊர் ஊராகத் திரியும் மிருகக் காட்சிசாலை என்று பலவற்றைப் பொம்மையாக்கினார்கள். மேசை போன்ற கால் வைத்த பீடமுள்ள இவ்வகைப் பொம்மைகளை ஒபடையா ஷெராட் என்ற பர்ஸ்லெம் குயவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் முத்திரை போடவில்லை. ஆகவே "ஷெராட் பாணி" என்பதே நேர்மையான சொல்.

அசல்தானா என்று பார்க்க: உடல் லேசான நீலச் சாயலுள்ள வெண்ணிறக் கிளேஸோடு இருக்கும். அந்த நீலம் கிளேஸ் தேங்கும் மடிப்புகளில், பீடக் காலின் உள்மூலையில் நன்றாகத் தெரியும். எனாமல் நிறங்கள் கிளேஸின் மேல் தீட்டியவை, விரலுக்கு லேசாகத் தட்டுப்படும், ஆங்காங்கே உதிர்ந்திருக்கும். புலியின் வால், ஆளின் கை, பீடத்தின் மூலை மூன்றும் முதலில் உடையும் இடங்கள். இருநூறு வயதுப் பொம்மையில் இவை எதிலும் ஒரு பழுதும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். எழுத்துப் பலகையில் பெயர் கடைசியில் ஒரு "டபிள்யூ" சேர்த்து எழுதியிருப்பதே வழக்கம். அதைப் பிழை என்று எண்ணிக் கழிக்க வேண்டாம். நகல்களும் உண்டு. அவை ஊற்றிச் செய்தவை, லேசானவை, கீழே ஒரு பெரிய ஓட்டை இருக்கும்.

அசலுக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுக்க ஆள் உண்டு. ஆனால் அனுப்பும் முன் ஒரு முக்கியமான விஷயம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கே செய்தது என்ற வாதத்தைச் சுங்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் பொருளைக் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பார்சல் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: ஆந்தையும் கழுகும் கலந்தாற்போல, கள்ளப் பார்வை பார்க்கும் பறவை ஜாடி. தலையைக் கழற்றலாம். மார்ட்டின் சகோதரர்கள் செய்தது என்று சொல்லி 600 பவுண்டு கேட்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், சவுத்தால்

பதில்: நீங்கள் வசிக்கும் ஊரிலேயே பிறந்த பறவை இது! ராபர்ட் வாலஸ், வால்டர், எட்வின், சார்லஸ் என்ற நான்கு சகோதரர்கள் 1873இல் ஃபுல்ஹாமில் தொழில் தொடங்கி, 1877இல் சவுத்தாலுக்கு வந்தார்கள். பறவைகளை வடித்தவர் ராபர்ட் வாலஸ். முதலாம் உலகப் போர் தொடங்கும் வரை சூளை எரிந்தது. இதில் ஒரு பறவையைப் போல் இன்னொன்று இருக்காது, ஒவ்வொன்றும் கையால் தனித்தனியாகச் செதுக்கியது. இங்கிலாந்துப் பொம்மைகளிலேயே இவ்வளவு ஆளுமை உள்ளவை வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

அசல் பறவை 600 பவுண்டுக்குக் கிடைக்காது. சிறியதே பத்தாயிரம் பவுண்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். ஆகவே விலையே முதல் எச்சரிக்கை. இருந்தாலும் சோதித்துவிடுங்கள், விற்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இவை உப்புக் கிளேஸ் இட்ட கல்மண் (ஸ்டோன்வேர்) பாண்டங்கள். சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். ஆவியாகும் சோடியம், மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய கண்ணாடிப் படலமாகிவிடும். அதனால் ஆரஞ்சுத் தோல் போன்ற பொடிப்பொடியான சுரசுரப்பு இருக்கும். நிறங்கள் மண்ணுக்குள் ஊறினாற்போல அடங்கியிருக்கும்: பழுப்பு, மங்கிய நீலம், பாசிப் பச்சை. பளபளவென்று வழுக்கும் கிளேஸும் எடுப்பான வண்ணமும் இருந்தால் வேறு வேலை. கையெழுத்து ஈர மண்ணில் கூரிய முனையால் கீறியதாக இருக்கும். கீறலின் இரு கரையிலும் மண் லேசாகப் பிதுங்கி நிற்கும். சுட்ட பிறகு கீறினால் அந்தப் பிதுக்கம் வராது, விளிம்பு பொடிந்திருக்கும்.

தலையின் கழுத்து வளையத்தையும் உடலின் அடியையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டிலும் பெயரும் தேதியும் இருந்து, அவை பொருந்தினால்தான் ஒரே பறவையின் தலையும் உடலும். தலை மாறிய பறவைகள் உண்டு, அவற்றின் மதிப்பு பெரிதும் குறையும். பழைய பாணியைப் பின்பற்றி இன்றும் பர்ஸ்லெமில் நல்ல கலைஞர்கள் விசித்திரப் பறவைகள் செய்கிறார்கள். தங்கள் பெயரைப் போட்டே விற்கிறார்கள், அவை போலி அல்ல. உங்களிடம் காட்டியது அப்படி ஒன்றாக இருந்தால் 600 நியாயமா என்று அந்தக் கலைஞரின் விற்பனை விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டிலில் கணவன் மனைவி, அடியில் "கடைசியாகப் படுப்பவர் விளக்கை அணைக்க வேண்டும்" என்ற பொருளில் ஆங்கில வாசகம். எந்த ஊர்ப் பட்டறை? – வாசகி, கோவென்ட்ரி

பதில்: இங்கிலாந்தே இல்லை. இங்கிலாந்துத் திருவிழாச் சந்தைகளில் பரிசாகக் கொடுப்பதற்காக ஜெர்மனியின் பொஸ்னெக் நகரில் கோன்டா – போமே நிறுவனம் செய்து அனுப்பியது. 1860களிலிருந்து முதல் உலகப் போர் வரை வந்தது. ஸ்டாஃபர்ட்ஷயர் மண்ணைவிட வெண்மையாக, கடினமாக, கையில் குளிர்ச்சியாக இருக்கும். பிந்தியவற்றில், கத்தி பிடித்த மடக்கிய கை கொண்ட கேடய முத்திரை அழுத்தியிருக்கும். உங்களிடம் உள்ள வாசகம்தான் எல்லாவற்றிலும் அதிகம் செய்தது, ஆகவே 10 முதல் 30 பவுண்டு. அரிதான வாசகங்களுக்குத்தான் மதிப்பு.

கேள்வி: பெஸ்விக் நிறுவனம் செய்த, பியாட்ரிக்ஸ் பாட்டரின் குழந்தைக் கதைகளில் வரும் முயல், வாத்து, பூனை பொம்மைகள் முப்பதுக்கு மேல் உள்ளன. எல்லாம் ஒரே விலைதானா? – வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: இல்லை. அடியிலுள்ள முத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து முதலில் மூன்றாகப் பிரியுங்கள். லாங்டனில் 1948இல் முதல் பத்துப் பொம்மைகள் வந்தன. அப்போதிலிருந்து 1954 வரை பொன்னிறத்தில் வட்டமாகவோ இணைகோடாகவோ பெயர் இருக்கும். 1955 முதல் 1972 வரை பொன்னிற நீள்வட்டம். 1973 முதல் பழுப்பு எழுத்து. பொன் இரண்டும் தனி அலமாரிக்கு. பழுப்பில் பெரும்பாலானவை 10, 15 பவுண்டு ரகம்.

அடுத்து அச்சு வேறுபாடு. நீட்டிக்கொண்டிருந்த பாகங்கள் சூளையிலும் பார்சலிலும் உடைந்ததால், 1970களின் நடுவில் பல பொம்மைகளை உடலோடு ஒட்டிய வடிவத்துக்கு மாற்றினார்கள். பெஞ்சமின் முயலின் அப்பா வாயிலுள்ள புகைக்குழாய் வெளியே நீண்டிருந்தால் பழைய அச்சு, உடலோடு ஒட்டியிருந்தால் புதியது. டாமி பிராக் என்ற கதாபாத்திரத்தின் மண்வெட்டிப் பிடியும் அப்படியே. பீட்டர் முயலின் சட்டை அடர்நீலமாக இருந்தால் முந்தையது. உங்கள் முப்பதில் பூங்கொத்து ஏந்திய கறுப்பு நாய் டச்சஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். 1955 முதல் 1967 வரை மட்டும் செய்தது, அப்போது அதிகம் விற்கவில்லை, அதனால் இன்று மற்ற எல்லாவற்றையும்விடத் தேடப்படுகிறது. பணியாரம் ஏந்திய டச்சஸ் வேறு. அதுவும் 1979 முதல் 1982 வரை குறுகிய காலமே வந்தது, ஆனால் முதலாமவள் அளவுக்கு விலை போகாது.

கேள்வி: ராயல் டால்டன் நிறுவனத்தின் பலூன் விற்கும் பாட்டி பொம்மை, அடியில் எச்.என். 1315. சிங்க முத்திரைக்குப் பக்கத்தில் 11 என்ற எண். கழுத்தில் லேசான நிற மாற்றம். எப்போது செய்தது, என்ன மதிப்பு? – வாசகி, டூட்டிங்

பதில்: முத்திரைப் பக்கத்திலுள்ள சிறு எண்ணோடு 1927ஐக் கூட்டுங்கள்: 1938இல் செய்தது. 1928இல் தொடங்கிய இந்த வழக்கம் 1950களின் நடுப்பகுதி வரை நீடித்தது. எச்.என். எண் வடிவத்தைக் குறிப்பது. 1315 என்பது 1929 முதல் 1998 வரை தொடர்ந்து வந்த வடிவம். அவ்வளவு நீண்ட காலம் செய்ததால் பிந்தைய பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. உங்கள் 11 சற்று மேல், ஆனால் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

கழுத்து நிறம் மாறியிருப்பதை நன்றாகச் சோதியுங்கள். இருட்டு அறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடியுங்கள். ஒட்டிய இடத்தில் பூசிய பெயின்ட் பால்போல வெளிர்ந்து ஒளிரும், அல்லது சுற்றுப்புறத்தைவிட இருண்டு தெரியும். இப்போது ஒளிராத பசைகளும் வந்துவிட்டன, ஆகவே டார்ச்சோடு நிறுத்தாதீர்கள். உதட்டில் வைத்துப் பாருங்கள்: கிளேஸ் சில்லென்று இருக்கும், பெயின்ட் அவ்வளவு குளிராது. விரல் நகத்தால் மெல்லச் சுண்டுங்கள், விரிசல் விட்டது கணீரென்று ஒலிக்காது. பலூன் கொத்து, விரல்நுனி, தொப்பி விளிம்பு ஆகியவற்றையும் இப்படியே பார்க்கவும். முத்திரையின் குறுக்கே ஒரு கீறலோ சிறு துளையோ இருந்தால் அது தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று கழித்தது. ஒட்டிய கழுத்து உறுதியானால் விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

கேள்வி: மூன்று மூலைத் தொப்பி போட்ட தாத்தா உருவத்து டோபி ஜக் ஒன்று உள்ளது. பழசு என்கிறார்கள். அதில் மோர் ஊற்றிக் குடிக்கலாமா? – வாசகர், ரெடிங்

பதில்: கூடாது. பழைய டோபி ஜக்குகளில் ஈயக் கிளேஸ் இருக்கும். மோரின் புளிப்பு ஈயத்தைக் கரைத்து எடுக்கும். அலமாரியில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: தூசி படிந்த ஸ்டாஃபர்ட்ஷயர் பொம்மைகளை எப்படிக் கழுவுவது? – வாசகி, பிரைட்டன்

பதில்: தொட்டியில் முக்காதீர்கள். துளை வழியே உள்ளே போன நீர் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அந்த ஈரம் உள்ளிருந்த அழுக்கைக் கிளேஸ் வெடிப்புகளுக்குள் இழுத்து வந்து பழுப்புக் கறையாக நிறுத்திவிடும். முதலில் மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, ஒரு சமயத்தில் நாணயம் அளவு இடத்தை மட்டும் துடையுங்கள். உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். பொன் பூச்சிலும் கறுப்பு எனாமலிலும் தேய்க்க வேண்டாம், பஞ்சில் நிறம் ஏறினால் அந்த இடத்தை அத்தோடு விட்டுவிடுங்கள். கறையைப் போக்க பிளீச் ஊற்றுவது மிகவும் கெடுதல்: அதிலுள்ள உப்பு மண்ணுக்குள் தங்கி, உலரும்போது படிகமாகி, கிளேஸைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளும். அசிட்டோனையும் தொடாதீர்கள். முன்பு யாராவது ஒட்டியிருந்தால் பெயின்ட் மட்டுமின்றி ஒட்டிய துண்டும் கையோடு வந்துவிடும்.

பார்சலில் அனுப்பும்போது செய்தித்தாளை நேராகச் சுற்ற வேண்டாம், மை கிளேஸ் வெடிப்பில் ஏறும். முதலில் அச்சில்லாத மெல்லிய தாள், அதன் மேல் குமிழ்த்தாள், பிறகு பெட்டிக்குள் பெட்டி. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பி, குலுக்கினால் அசையாதபடி ஒட்டுங்கள். தலை கழற்றும் ஜாடியானால் தலையைத் தனியாகச் சுற்றுங்கள்.